விழுந்த கை எழுமா?

பெங்களூரில் நிம்ஹான்ஸ் நரம்பியல் மருத்துவமனை இருக்கும் சாலையின் பெயர் ஓசூர் சாலை. அந்தச் சாலையிலேயே தெற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் வந்தால், அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி ஓசூர் வந்துவிடும். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் இந்தப் பக்கத்தில் ஒருவருக்கு வாதம் அடித்து ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டால், உறவினர் பேச்சில் முதலில் வருகிற பெயர்களில் ஒன்று நிம்ஹான்ஸ். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் இந்த மக்களுக்கு அது வேற்று மாநிலத்து மருத்துவமனையாகத் தோன்றுவதில்லை.

அதே ஓசூரை ஒட்டிய சூளகிரி ஒன்றியத்தில் சாமனப்பள்ளி என்ற கிராமம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது அங்கேதான். ரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீடு தேடி வரும். படுக்கையில் கிடப்பவருக்குப் பயிற்சி கொடுக்க பிசியோதெரபிஸ்ட்டும் வீடு தேடி வருவார் என்பது திட்டம். 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் இதற்குக் கிடைத்தது.

ஒருபுறம், நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில், மண்டையைத் திறக்காமலேயே மூளையைத் தூண்டும் கருவிகள். மறுபுறம் திண்ணையில் உட்கார வைத்து, "விரலை விரிங்கண்ணா, இன்னும் ஒரு தடவை" என்று சொல்லும் பிசியோ. விழுந்த கையைத் திருப்பித் தருவது இவற்றில் எது? உலகம் முழுவதும் நரம்பியல் ஆய்வாளர்கள் கடந்த கால் நூற்றாண்டாகக் கேட்டுவரும் கேள்வி இது. கையை நம்பிப் பிழைக்கும் ஓசூரில் இந்தக் கேள்விக்கு இரட்டிப்பு எடை உண்டு.

கை இருக்கும் இடம்

கைக்கடிகாரம், இருசக்கர வாகனம், லாரி, மின்னணு உதிரிபாகம், பசுமைக்குடிலில் பறிக்கும் ரோஜா என ஓசூர் வெளியே அனுப்பும் எதை எடுத்தாலும் அதில் விரல்களின் வேலை இருக்கிறது. ஒரு கடிகாரத் தொழிலாளி பொடித் திருகு ஒன்றை இடுக்கியால் எடுத்து வைப்பதைக் கவனியுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நெருங்க வேண்டும். மற்ற மூன்று விரல்கள் ஒதுங்க வேண்டும். மணிக்கட்டு அசையாமல் நிற்க வேண்டும். அழுத்தம் கூடினால் திருகு தெறித்துவிடும். இத்தனையும் ஒரு நொடிக்குள் நடந்து முடிகிறது.

இதற்கான கட்டளை மூளையின் மேற்பரப்பில், உச்சந்தலையிலிருந்து காதை நோக்கி இறங்கும் ஒரு பட்டையிலிருந்து கிளம்புகிறது. இயக்கப் புறணி என்று அதற்குப் பெயர். மான்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்டு 1930களில் அறுவை மேசையில் நோயாளிகளின் மூளையை மின்முனையால் தொட்டு, எந்த இடம் எந்த உறுப்பை அசைக்கிறது என்று வரைபடமாக்கினார். அதில் முதுகும் தொடையும் சிறிய இடத்தில் அடங்கிவிட்டன. முகமும் கையும் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டன. உறுப்பின் பருமனைவிட அதன் வேலையின் நுணுக்கத்துக்கே மூளை இடம் ஒதுக்குகிறது.

அங்கிருந்து கிளம்பும் இழைகள் மூளையின் நடுவே மிகக் குறுகலான ஓர் இடத்தில் ஒன்றாக நெருங்கி, கீழே மூளைத்தண்டில் பெரும்பாலும் பக்கம் மாறித் தண்டுவடத்துக்குள் இறங்குகின்றன. இடது மூளை அடிபட்டால் வலது கை விழுவது இதனால்தான். அந்தக் குறுகலான இடத்தில் பட்டாணி அளவு திசு பழுதானாலே முகம், கை, கால் மூன்றும் சேர்ந்து போய்விடலாம்.

மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் இறக்கின்றன என்பது 2006இல் வெளியான கணக்கு. அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். வாய் கோணினாலோ, கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108ஐ அழைக்க வேண்டும். புறா ரத்தம் தடவினால் வாதம் இறங்கும் என்ற நம்பிக்கை இன்னும் உயிரோடிருக்கிறது. அதற்காகச் செலவாகும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையின் ஒரு பகுதியை விலையாகக் கேட்கிறது.

ஊசி நேரம் தவறிவிட்டது, அல்லது ஊசி போட்டும் கை முழுதாக வரவில்லை. அதற்குப் பிறகு என்ன? மூளைத் தூண்டலின் கதை அந்த இடத்தில் தொடங்குகிறது.

தலைக்கு மேல் ஒரு சுருள்

மாறும் காந்தப்புலம் அருகிலுள்ள கடத்தியில் மின்னோட்டத்தை உண்டாக்கும் என்று மைக்கேல் ஃபாரடே 1831இல் காட்டினார். மூளையும் ஒரு கடத்திதான். ஆனால் அந்த விதியை மூளையின் இயக்கப் பகுதிக்குக் கொண்டுவர ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது. 1980இல் இங்கிலாந்தில் மெர்ட்டன், மார்ட்டன் என்ற இருவர் தலைத்தோல் வழியே நேரடியாக மின்னதிர்ச்சி கொடுத்துக் கையை அசைத்துக் காட்டினார்கள். கை அசைந்தது, ஆனால் வலி கடுமையாக இருந்தது. 1985இல் ஷெஃபீல்டு நகரில் ஆன்டனி பார்க்கர் குழுவினர் மின்முனையை ஒதுக்கிவிட்டுச் செம்புச் சுருளைத் தலைக்கு மேல் பிடித்தார்கள். காந்தப்புலம் மண்டையோட்டைத் தடையின்றிக் கடந்தது. வலியே இல்லாமல் விரல் துடித்தது.

இன்றும் அடிப்படை அதுதான். எட்டு வடிவில் வளைத்த சுருளைத் தலையில், கைக்குரிய பகுதிக்கு நேராக வைப்பார்கள். ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்துக்கு, எம்ஆர்ஐ இயந்திரத்தின் வலிமைக்கு ஒப்பான காந்தத் துடிப்பு கிளம்பும். 'டக்' என்று ஓர் ஓசை; உச்சியில் யாரோ விரலால் சுண்டியதுபோல் ஓர் உணர்வு. ஏறத்தாழ 20 மில்லிநொடியில், மறுபக்கக் கையின் கட்டைவிரல் தன்னால் துள்ளும். விரல் தசைமேல் ஒட்டிய மின்முனை அந்தத் துள்ளலைக் கணினித் திரையில் ஓர் அலையாக வரையும். நோயாளி எந்த முயற்சியும் செய்யவில்லை. மூளையிலிருந்து விரல் வரையுள்ள பாதையைக் கருவி தானே சோதித்துக்கொண்டது.

தலைக்குள் உலோகக் கிளிப், காதுக்குள் பொருத்திய செவிக்கருவி போன்றவை இருப்பவர்களுக்கு இது ஆகாது. வலிப்பு வரும் அபாயம் மிகக் குறைவு; ஆனாலும் உண்டு. அதனால்தான் வலிப்பு நோய் இருந்ததா என்று முதலிலேயே கேட்கிறார்கள்.

முதல் பயன்: அளந்து சொல்வது

பக்கவாதம் வந்த வீட்டில் எல்லோரும் கேட்கும் கேள்வி, "கை வருமா டாக்டர்?" என்பது. பல காலமாக இதற்கு "பார்க்கலாம்" என்பதற்கு மேல் பதில் இருந்ததில்லை. நியூசிலாந்தில் ஆக்லாந்து நகரின் கேத்தி ஸ்டினியர் குழுவினர் 2017இல் இதற்கு ஒரு முறையை வகுத்தார்கள். வாதம் வந்த மூன்று நாளுக்குள் நோயாளியைத் தோளைப் பக்கவாட்டில் தூக்கவும் விரல்களை நீட்டவும் சொல்கிறார்கள். இரண்டுக்கும் தலா ஐந்து மதிப்பெண். கூட்டினால் ஐந்தோ அதற்கு மேலோ வந்தால் கை நன்றாகத் தேறும் வாய்ப்பு அதிகம். கருவியே தேவையில்லை.

ஐந்துக்குக் கீழே இருப்பவர்களுக்குத்தான் காந்தச் சுருள். பார்வைக்குக் கை முழுக்கச் செத்ததுபோல் கிடக்கும். ஆனால் காந்தத் துடிப்புக்குத் தசை சிறிதளவாவது பதில் சொன்னால், பாதை இன்னும் அறுபடவில்லை என்று பொருள். அந்தக் கைக்கு நல்ல மீட்சியை எதிர்பார்க்கலாம். இந்த முறை நான்கில் மூன்று பேருக்குச் சரியாகக் கணித்தது.

மூளைத் தூண்டலின் பயன்களில் மிக உறுதியானதும் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான் என்பது என் எண்ணம். பதில் வரும் கைக்கு, எந்த நுணுக்க வேலைக்குத் திரும்ப வேண்டுமோ அதையே பயிற்சியாக்கலாம். பதில் வராத கைக்கு, மூட்டு இறுகாமலும் தோள் வலிக்காமலும் காப்பதோடு, மற்றக் கையால் வாழ்வை நடத்தப் பழக்கலாம். வீணான நம்பிக்கையும் வீணான கைவிடலும் இரண்டுமே குறையும்.

இரண்டாம் பயன்: சிகிச்சையாக

தட்டிப் பார்க்க முடிந்தால், தட்டித் திருத்தவும் முடியுமா? இதற்கு ஒரு கவர்ச்சியான கோட்பாடு பிறந்தது. மூளையின் இரு பாதிகளும் ஒன்றையொன்று அடக்கி வைக்கின்றன. ஒரு பாதி அடிபட்டால் மறுபாதி அளவுக்கு மீறி வலுத்து, அடிபட்ட பாதியை மேலும் அமுக்குகிறது. ஆகவே நல்ல பாதியைக் கொஞ்சம் தணித்தால் கெட்ட பாதி தலைதூக்கும். நொடிக்கு ஒரு துடிப்பு வீதம் தொடர்ந்து கொடுக்கும் மெதுவான காந்தத் தூண்டல் புறணியைத் தணிக்கும். விரைவான தூண்டல் உசுப்பும். இப்படித்தான் நல்ல பாதியின் மேல் மெதுவான காந்தத் தூண்டல் கொடுக்கும் சிகிச்சை பரவியது.

இன்னொரு வழி நேர்மின்னோட்டத் தூண்டல். 2000இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் மைக்கேல் நிட்ஷேயும் வால்டர் பவுலஸும் இதற்குப் புத்துயிர் கொடுத்தார்கள். உப்புநீரில் நனைத்த இரண்டு பஞ்சுப் பட்டைகளைத் தலையில் கட்டி, 1 அல்லது 2 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தைச் சில நிமிடங்கள் முதல் 20 நிமிடம் வரை செலுத்துவார்கள். இது நரம்பணுவைச் சமிக்ஞை அனுப்ப வைப்பதில்லை. அனுப்புவதற்கான வாசலை மட்டும் ஏற்றி இறக்குகிறது. கருவி சிறியது, காந்தக் கருவியைவிடப் பல மடங்கு மலிவு. நிம்ஹான்ஸில் மருத்துவர் கணேசன் வெங்கடசுப்பிரமணியன் உள்ளிட்டோர் மனச்சிதைவு நோயாளிகளின் காதில் ஒலிக்கும் குரல்களைத் தணிக்க இதே முறையை ஆராய்ந்திருக்கிறார்கள். 2018இல் பட்நாகர் விருது பெற்றவர் அவர். ஓசூர் சாலையின் அந்த முனையில் இந்தத் துறை வேரூன்றிப் பல ஆண்டுகள் ஆகின்றன.

கைக்கு என்ன ஆயிற்று? சிறு ஆய்வுகள் பலவும் நம்பிக்கை தந்தன. ஐரோப்பிய வல்லுநர் குழு 2020இல் வெளியிட்ட வழிகாட்டியில், வாதம் வந்து முதல் சில வாரங்கள், மாதங்களில் உள்ளவர்களுக்கு நல்ல பாதியின் மேல் மெதுவான காந்தத் தூண்டல் கொடுப்பதற்கு மிக உயர்ந்த தரச் சான்று வழங்கப்பட்டது. ஆனால் பெரிய ஆய்வுகள் வேறு கதை சொல்லின. அமெரிக்காவில் 12 மையங்களில் 199 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2018இல் வந்தது. எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கைப்பயிற்சி. ஒரு பிரிவுக்கு உண்மையான தூண்டல், இன்னொரு பிரிவுக்குப் போலித் தூண்டல். ஆறு மாதம் கழித்து, உண்மைத் தூண்டல் பெற்றவர்களில் 67 விழுக்காட்டினர் குறிப்பிடத்தக்க அளவு தேறியிருந்தார்கள். போலித் தூண்டல் பெற்றவர்களில் 65 விழுக்காடு. நேர்மின்னோட்டத் தூண்டலை 2, 4 மில்லி ஆம்பியர் அளவுகளில் 129 பேரிடம் சோதித்த இன்னொரு அமெரிக்க ஆய்வும் 2025இல் இதே போன்ற முடிவைத்தான் தந்தது: ஆபத்தில்லை, ஆனால் பயிற்சியோடு போலித் தூண்டல் பெற்றவர்களைவிடக் கூடுதல் பலனும் தெரியவில்லை.

அடிப்படைக் கோட்பாடும் ஆட்டம் கண்டது. வாதம் வந்த முதல் வாரங்களிலிருந்து பல மாதம் நோயாளிகளைத் தொடர்ந்து அளந்த 2019ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், தொடக்க வாரங்களில் நல்ல பாதி மிகையாக அமுக்குவதாகவே தெரியவில்லை. சேதம் பெரிதாக உள்ளவர்களுக்கு அந்த நல்ல பாதியே கைகொடுத்து உதவவும் கூடும். அவர்களிடம் அதைத் தணிப்பது எதிர்விளைவைத் தரலாம். எல்லோருக்கும் ஒரே தூண்டல் என்ற அணுகுமுறை தோற்றதன் ஒரு காரணம் இங்கே இருக்கலாம்.

இரு பிரிவும் ஏன் தேறின?

மேலே சொன்ன 67, 65 என்ற எண்களை மறுபடி பாருங்கள். வழக்கமாக இவற்றின் இடைவெளி சிறியது என்பதை மட்டுமே பேசுவார்கள். எனக்கு அவற்றின் உயரம்தான் முக்கியம். வாதம் வந்து மூன்று மாதத்திலிருந்து ஓராண்டு வரை ஆனவர்கள் அவர்கள். அவர்களில் மூவரில் இருவர் தேறினார்கள், போலித் தூண்டல் பெற்ற பிரிவிலும். இரு பிரிவுக்கும் பொதுவாக இருந்த சிகிச்சை ஒன்றே ஒன்று: ஒழுங்காக, தவறாமல், கையை வேலை வாங்கிய பயிற்சி.

1996இல் ராண்டால்ஃப் நூடோ குழுவினர் குரங்குகளின் கைப்பகுதிப் புறணியில் சிறு சேதம் செய்து, சிறு குழிகளிலிருந்து உணவுருண்டைகளை எடுக்கப் பழக்கினார்கள். பயிற்சி பெற்ற குரங்குகளில், சேதத்தைச் சுற்றியிருந்த கைப்பகுதி தப்பியது. சில இடங்களில் விரிந்தும் போனது. இத்தகைய விலங்கு ஆய்வுகளில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை கை அசைகிறது. ஆனால் அமெரிக்க, கனடிய மறுவாழ்வு மையங்களில் 312 பயிற்சி அமர்வுகளைக் கேத்தரின் லாங் குழுவினர் உட்கார்ந்து எண்ணியபோது, கைக்கான அமர்வு ஒன்றில் பயனுள்ள அசைவுகள் சராசரியாக 32 மட்டுமே என்று 2009இல் தெரிந்தது. வசதியான நாடுகளின் நிலையே அது.

அளவைக் கூட்டினால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. நல்ல கைக்குப் பஞ்சு உறை மாட்டிவிட்டு, விழுந்த கையையே இரண்டு வாரம் வேலை வாங்கிய ஆய்வு, 222 பேரிடம் நடந்து 2006இல் வெளியானது. ஓராண்டுக்குப் பின்னும் பலன் நிலைத்தது. லண்டனில் மூன்று வாரத்தில் 90 மணி நேரம் கைப்பயிற்சி கொடுக்கும் திட்டத்தில், வாதம் வந்து ஓராண்டு தாண்டிய பலரும் தேறினார்கள். ஆறு மாதம் போனால் எல்லாம் முடிந்தது என்ற பேச்சு தவறு.

காசில்லாத வழிகளும் இருக்கின்றன. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், கை இழந்தவர்களின் மாய வலிக்குக் கண்ணாடிப் பெட்டியைப் பயன்படுத்தினார். அந்த வழியை வாதம் வந்த ஒன்பது பேரிடம் அவரும் எரிக் ஆல்ட்ஷுலரும் சோதித்து 1999இல் எழுதினார்கள். விழுந்த கையை முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னே மறைத்து, நல்ல கையை அசைத்தால், இரு கையும் அசைவதாகக் கண் மூளைக்குச் சொல்கிறது. 62 ஆய்வுகளைத் தொகுத்த 2018ஆம் ஆண்டு மதிப்பீடு, இது கையின் அசைவை மேம்படுத்துகிறது என்று ஒப்புக்கொண்டது. கிருஷ்ணகிரியிலிருந்து கிழக்கே நெடுஞ்சாலையில் போனால் வரும் வேலூரில், சிஎம்சியும் சென்னை ஐஐடியும் சேர்ந்து 'புளூட்டோ' என்ற சிறிய மேசைக் கருவியை உருவாக்கியிருக்கின்றன. கைப்பிடியை மாற்றி மாற்றிப் பொருத்தி, திரையில் விளையாடியபடி விரலையும் மணிக்கட்டையும் பழக்கலாம். நோயாளிக்குச் சலிக்காமல் அசைவின் எண்ணிக்கையை ஏற்றுவதுதான் இதன் நோக்கம்.

அப்படியானால் தூண்டல் வீணா? இல்லை. தேன்கனிக்கோட்டைப் பக்கம் மானாவாரி ராகி விதைப்பவருக்குத் தெரியும்: மழை ஈரம் இருக்கும்போது விதைக்க வேண்டும், விதைக்காத நிலத்தில் ஈரம் தானாக விளைச்சல் தராது. தூண்டலும் அப்படி ஒரு குறுகிய ஈரம்; அதன் விளைவு சில நிமிடங்கள் முதல் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் வரைதான். அந்த நேரத்துக்குள் கையைப் பழக்கினால் பயன் இருக்கலாம். பழக்காமல் வெறும் தூண்டலுக்காகப் போய்வந்தால் பயனில்லை.

பயிற்சியையும் சும்மா குடும்பத்தின் தலையில் கட்டிவிட முடியாது. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2017இல் வந்தது. ஒரு பிரிவில் உறவினருக்குச் சொல்லிக்கொடுத்து வீட்டிலேயே மறுவாழ்வுப் பயிற்சி நடத்த வைத்தார்கள்; இன்னொரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். ஆறு மாதத்தில் இரு பிரிவிலும் 47 விழுக்காட்டினர் இறந்தோ பிறரைச் சார்ந்தோ இருந்தார்கள்; வித்தியாசம் இல்லை. அன்பு இருந்தால் போதாது. பயிற்சி தெரிந்த ஒருவர் அடிக்கடி வந்து, அசைவை எண்ணி, கடினத்தைப் படிப்படியாக ஏற்ற வேண்டும்.

எல்லையில் வாழ்பவர் என்ன செய்யலாம்

தூண்டல் சிகிச்சை தருவதாக ஒரு மையம் சொன்னால் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். என் கைக்குப் பாதை மிச்சம் இருக்கிறதா என்று முதலில் அளந்தீர்களா? மூளையின் எந்தப் பாதியில், ஏன் கொடுக்கிறீர்கள்? தூண்டல் முடிந்த கையோடு எவ்வளவு நேரம் பயிற்சி? எத்தனை வாரத்தில், எந்த அளவுகோலில் முன்னேற்றம் பார்ப்பீர்கள்? பதில் தெளிவாக வராத இடத்தில் நகையை அடகு வைத்துப் பணம் கட்ட வேண்டியதில்லை. இணையத்தில் பார்த்துப் பேட்டரியால் வீட்டிலேயே மின்னோட்டம் கொடுத்துப் பார்ப்பது தோலைச் சுடும், ஒருபோதும் வேண்டாம்.

ஆலைத் தொழிலாளிக்கு இன்னொரு தகவல். இஎஸ்ஐ சந்தா பிடிக்கப்படும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இது பொருந்தும். ஒரு பக்கம் செயலிழக்கும் பக்கவாதம், இஎஸ்ஐயின் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருக்கிறது. இரண்டாண்டு தொடர் வேலையும் தேவையான சந்தா நாட்களும் இருந்தால், வழக்கமான 91 நாள் உதவி முடிந்த பின், கூலியில் 80 விழுக்காடு இரண்டு ஆண்டு வரை கிடைக்கலாம். கூலி நிற்கும் பயத்தில் பாதியிலேயே பயிற்சியை விட்டுவிடுபவருக்கு இதைவிடப் பெரிய மருந்து இல்லை.

அரசிடம் கேட்கவும் நியாயம் இருக்கிறது. கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று திறந்துவைக்கப்பட்டது. பாதை மிச்சமிருக்கிறதா என்று அளக்க அங்கே ஒரு காந்தத் தூண்டல் கருவி இருந்தால், அத்திப்பள்ளி தாண்ட வசதியில்லாதவருக்கும் முதல் வாரத்திலேயே தெளிவான பதில் கிடைக்கும். சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் தேடிச் சென்ற வீடுகளை எண்ணுவதோடு நிற்காமல், ஒவ்வொரு வீட்டிலும் விழுந்த கை எத்தனை முறை அசைந்தது என்றும் எண்ண வேண்டும். கருவி எந்தக் கைக்கு வாய்ப்பு இருக்கிறது என்று காட்டும். அந்தக் கையை மீட்பது பயிற்சியின் எண்ணிக்கை. இதுவரை வந்த ஆய்வுகள் கைமீட்சியைப் பற்றிச் சொல்வதன் சாரம் இதுதான். நம் பணமும் நேரமும் ஆட்களும் அந்த வரிசையில்தான் போக வேண்டும்.